மேல்தொட்டியில் கை வைத்தது யார்

தண்ணீர்ப் பாக்கெட் போடும் மெஷினின் மூக்கை அரித் பஞ்சுக்குச்சியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குச்சியை உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, எதிலும் படாமல் வெளியே எடுத்து, கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு மூடினாள். பிறகு அடுத்த குச்சி, அடுத்த மூக்கு. மெஷினை ஓட்டுகிற ஊபோங் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"என்ன டாக்டர், மெஷினுக்குக் காது குடைஞ்சு விடுறீங்களா? எனக்கும் ஒரு குச்சி குடுங்க. ரெண்டு நாளா குறுகுறுங்குது."

"உங்களுக்குக் காதுக்கில்லண்ணே, கைக்கு. நீட்டுங்க."

"மறுபடியுமா? காலையிலதான் கழுவினேன்."

"கழுவினதும் தெரியும், கழுவிட்டு அகாரா வடை தின்னதும் தெரியும். விரல்ல எண்ணெய் மின்னுது."

பாக்கெட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஊபோங் சிரிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினான். காவல் நிலையத்தில் ரேகை கொடுப்பவன் முகம் அவனுக்கு வந்துவிட்டது.

அரித் டாக்டர் இல்லை. அது ஊபோங்குக்குத் தெரியும், தெரிந்துதான் அப்படிக் கூப்பிடுவான். அவள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவள், அவ்வளவுதான். இரண்டு தடவை தேர்வு எழுதியும் மதிப்பெண் விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. மருத்துவத்தில் இடமில்லை, நுண்ணுயிரியலில் இருக்கிறது, வேண்டுமா என்று பல்கலைக்கழகம் கேட்டது. "கிடைச்ச நாற்காலியில உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா கால்தான் வீங்கும்" என்றாள் அவள் அம்மா. வகுப்பில் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் அவளைப் போலவே மருத்துவத்தின் வாசற்படியில் வழுக்கி விழுந்தவர்கள். முதல் வருடம் முழுக்க, அடுத்த வருடம் அங்கே மாறிவிடலாம் என்றே பேசினார்கள். யாரும் மாறவில்லை. ஒரே மைக்ரோஸ்கோப்பைச் சுற்றிச் சண்டை போட்டு, கடைசியில் நண்பர்களாகிவிட்டார்கள்.

உயோ நகரத்தில் மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை. இன்குபேட்டர் குளிர்ந்துபோனால் ஒரு மாத வேலை செத்துவிடும். கடைசி வருட ஆய்வுக்காகப் பனங்கள்ளிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்டைக் குழாயோடு துணியில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு அரித் தூங்கியிருக்கிறாள். "பிள்ளை பிறந்தா கள்ளு வாசம் அடிக்கும்டி" என்று அறைத்தோழி ந்கோயோ கிண்டல் செய்வாள். அந்த ந்கோயோ இப்போது பீர் தொழிற்சாலையில் இருக்கிறாள், நல்ல சம்பளம். இன்னொருத்தி மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சேரப்போய், அறிக்கையில் கையெழுத்துப் போட உன் பட்டம் போதாது, அதற்கு வேறு படிப்பு இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டாள். வகுப்பில் முதலாவதாக வந்தவன் வங்கியில் பணம் எண்ணுகிறான். அவனுக்குப் பண நோட்டைத் தொடும்போதெல்லாம் அதில் என்னென்ன குடியிருக்கிறது என்று தெரியுமாம். கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது.

அரித் படித்து முடித்து, அரசாங்கம் கட்டாயச் சேவைக்கு அனுப்பிய வடக்கு ஊரில் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னாள். திரும்பி வந்து தயிர் போட்டு விற்றாள். ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் இல்லாமல் தயிர் புளித்தது. பிறகு ஒரு தண்ணீர்க் கம்பெனி. அங்கே இரண்டு வருடம் இருந்தாள். சோதனை செய்யாமலே 'நல்ல தண்ணீர்' என்று எழுதித் தா என்று முதலாளி சொன்ன அன்று வெளியே வந்தாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த மேடம் அஃபியோங்கின் கம்பெனியில் சேர்ந்தாள். சொந்த ஊருக்குப் போனால் சித்தி, அத்தை எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டு வரிசையில் வந்து உட்காருவார்கள். "எனக்கு மாத்திரை எழுதத் தெரியாது" என்று சொன்னால், "படிச்ச திமிரு" என்பார்கள்.

அந்தப் படிப்பு அவளுக்கு வேறென்ன தந்ததோ, ஒன்றை நன்றாகத் தந்தது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற எதையும் அவள் நம்பமாட்டாள்.

இந்தத் தடவை நம்பாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதமாக, மாதம் பிறந்து ஒரு வாரம் வரைக்கும் தண்ணீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற அவளுடைய தட்டுகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. குடிக்கிற தண்ணீரில் அந்த நிறம் முளைத்தால், எங்கோ மலம் கலந்திருக்கிறது என்று பொருள். முதல் மாதம், தன் கையில்தான் பிழை என்று நினைத்துத் திரும்பச் செய்தாள். அதற்குள் தானாகவே சுத்தமாகிவிட்டது. இரண்டாவது மாதமும் அப்படியே. சரக்கை நிறுத்தச் சொன்னதற்கு, "ஒரு வாரம் புள்ளி, அடுத்த வாரம் இல்ல. இதுக்கெல்லாம் லாரியை நிறுத்துவாங்களா?" என்று மேடம் கேட்டார். இப்போது மூன்றாவது மாதம் பிறந்திருந்தது. புள்ளிகளும் வந்திருந்தன.

கூடவே பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையும் வந்தார். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்காம். எல்லோரும் குடிப்பது இந்தத் தண்ணீராம்.

"என்ன குடுக்கறீங்க பிள்ளைங்களுக்கு?" என்று அரித் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"உப்பும் சர்க்கரையும் கலந்து குடுக்கறோம். வேறென்ன?"

"எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"உங்க பாக்கெட்லதான்."

"போய்க் கொட்டுங்க. கொதிக்க வெச்ச தண்ணியில கலந்து குடுங்க. வாய் உலர்ந்து கண்ணு குழி விழுந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, காத்திருக்காதீங்க."

அவர் போன பிறகு மேடம் அஃபியோங் தன் அறைக்கு அரித்தைக் கூப்பிட்டார். அறுபது வயது, கனத்த உடம்பு, கணவர் போன பிறகு கம்பெனியைத் தனியாக இழுத்துக்கொண்டிருப்பவர். கதவைச் சாத்தச் சொன்னார். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார், வெளியே யாராவது நின்றால் காலடி கேட்கட்டும் என்று.

"நீ எதிர்க் கம்பெனியில எத்தனை வருஷம் இருந்த?"

"உங்களுக்குத் தெரியுமே மேடம்."

"தெரியும். நீ வர்றதுக்கு முன்னாடி என் தண்ணியில ஒரு புள்ளி இல்ல. அதுவும் தெரியும்."

"நான் வர்றதுக்கு முன்னாடி பாத்தவங்க யாரும் இல்ல."

"வாயைப் பாரு! அவன் அனுப்பினவளா நீ? என் தண்ணியைக் கெடுத்து, கம்பெனிக்குப் பூட்டுப் போட வைக்கவா?" மேடம் மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். "கேட்டுக்கோ. அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணி சோதிக்கிற அதிகாரிங்க வர்றாங்க. அதுக்குள்ள இது எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடி. முடியலைன்னா, தண்ணியில விஷம் கலந்தவ இவதான்னு நானே சொல்லுவேன். அதுக்கப்புறம் இந்த மாநிலத்துல உனக்கு எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது."

அரித்துக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. தண்ணீர், பீர், தயிர், ரொட்டி, எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பரிசோதிக்கிறவள் கையே அழுக்கு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுச் சந்தையில் கிழங்கு விற்கலாம்.

யார் என்று யோசித்தால் ஒரு முகம்தான் வந்தது. மாதத்தின் முதல் வாரம் காலை முறையில் மெஷினில் நிற்பவன் ஊபோங். இரண்டாம் வாரம் அவன் வேன் ஓட்ட மாறிப் போவான், புள்ளிகளும் போகும். கை கழுவச் சொன்னால் அவனுக்கு எரிச்சல். மேல்தொட்டி ஏணியில் வழக்கமாக ஏறுகிறவனும் அவன்தான். அவன் விரலிலிருந்து எடுத்த தட்டில் ஏதேதோ முளைத்தும் இருந்தது. அவை வெள்ளையும் மஞ்சளுமாக இருந்தன, இளஞ்சிவப்பு இல்லை. ஆனால் பயந்தவளுக்கு நிறம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மறுநாள் மேடத்திடம் போய், "ஊபோங்கைத்தான் எனக்குச் சந்தேகம்" என்றாள்.

மேடம் அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பினார். ஊபோங் சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தான். வாசலில் நின்று அரித்தைப் பார்த்தான்.

"நல்லாப் பாருங்க டாக்டர். எனக்கு நாலு பிள்ளைங்க. அதுங்க குடிக்கிறதும் இதே தண்ணிதான்."

தன் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரைக் கெடுப்பவன் எப்படிப்பட்டவன்? அந்தக் கேள்வி அவளை அன்று சாப்பிட விடவில்லை. மறுநாள் தட்டுகளை எடுத்தபோது அது இன்னும் பெரிதானது. ஊபோங் வீட்டுக்குப் போன பிறகு பிடித்த தண்ணீர்தான். அம்மை வார்த்தது போலத் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு.

அரித் ந்கோயோவுக்குப் போன் செய்தாள்.

"அடியே, நீ போலீஸா, மைக்ரோபயாலஜிஸ்டா?" என்றாள் ந்கோயோ, பின்னால் பாட்டில்கள் இடிபடும் சத்தத்துக்கு நடுவே. "யாரு யாருன்னு கேக்கற. எங்கன்னு கேளு. இங்க ஒரு தடவை பீர் புளிச்சப்போ இருக்கிற ஆளையெல்லாம் முறைச்சேன். கடைசியில பாத்தா ஒரு வளைஞ்ச குழாய். குழாய்க்கு என் மேல என்ன பகை?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள குழாய் கிடைக்கலைன்னா?"

"எங்ககிட்ட பாட்டில் கழுவ ஆள் எடுக்கறாங்க. சொல்லி வைக்கட்டுமா?"

"போடி" என்று வைத்துவிட்டாள். ஆனாலும் சொன்னது சரி.

அன்றே தண்ணீர் போகிற வழியெல்லாம் பின்னோக்கி நடந்தாள். போர்வெல் குழாயில் ஒரு புட்டி பிடித்தாள். மணல் வடிகட்டிக்கு அப்புறம் ஒன்று. நுண்வடிகட்டியும் கிருமி கொல்லும் புறஊதா விளக்கும் தாண்டி, மேல்தொட்டிக்கு ஏறும் இடத்தில் ஒன்று. தொட்டியிலிருந்து மெஷினுக்கு இறங்கும் இடத்தில் ஒன்று. மறுநாள் தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். தொட்டிக்கு ஏறும்வரை தண்ணீர் சுத்தம். தொட்டியிலிருந்து இறங்கினால் அழுக்கு.

பறவை எச்சமா, பல்லியா? தொட்டிக்கு இரும்பு மூடி உண்டு, மூடிக்குப் பூட்டு உண்டு. ஏறிப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை, துருகூட இல்லை. அடிக்கடி திறக்கிற பூட்டின் பளபளப்பு அதில் இருந்தது. சாவி ஒன்றுதான். அது மேடத்தின் கொத்தில் இருந்தது.

அப்படியென்றால் யாரோ கள்ளச் சாவி செய்திருக்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை. பையில் அடுக்கும் பெண்களில் ஒருத்தியா? இரவுக் காவலாளியா? செவ்வாய்க்கிழமை, கம்பெனி திறப்பதற்கு வெகுமுன்பே, விடிகிற வெளிச்சத்தில் வந்தாள். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான். அரித் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. வந்தவர் மேடம் அஃபியோங். சபைக்குப் போகும் வெள்ளை அங்கி, வெறுங்கால், கையில் மஞ்சள் கேன். வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கனத்த உடம்பு கேனை ஒரு கையிலும் ஏணியை மறு கையிலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறியது. மேலே போய்ப் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, கேனைக் கவிழ்த்தது. பிறகு இரண்டு கையையும் வானத்துக்கு விரித்தது.

அரித்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மேடம் இறங்கி, கேனை ஏணியடியில் வைத்துவிட்டு உள்ளே போனதும், ஓடிப்போய்க் கேனின் அடியில் மிச்சமிருந்ததைப் புட்டியில் பிடித்தாள். கேனின் அடியில் மெல்லிய சேறும் ஓர் இலைத் துணுக்கும் கிடந்தன. மேடம் போகிற சபை ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில் இருந்தது. அந்த ஓடையில் ஜனங்கள் குளிப்பார்கள், ஆடுகளும் இறங்கும். சபையின் தீர்க்கதரிசி அதிலிருந்துதான் மந்திரித்த தண்ணீர் கொடுப்பார்.

புதன்கிழமை மதியம் மூன்று தட்டுகளைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். மின்விசிறியைத் தானே நிறுத்தினாள்.

"இது போர்வெல் தண்ணி மேடம். ஒண்ணும் முளைக்கல. இது நம்ம பாக்கெட். இது நேத்து உங்க மஞ்சள் கேன்ல மிச்சம் இருந்தது."

மேடம் மூன்றாவது தட்டைப் பார்த்தார். அதில் எண்ணுவதற்கே இடமில்லை. முகத்தில் முதலில் கோபம் வந்தது.

"கடவுளையே டெஸ்ட் பண்ணிப் பாத்தியாடி?"

"கடவுளை இல்ல மேடம். ஓடையை."

வெளியே மெஷின் பாக்கெட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. பிறகு மேடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். கணவர் நல்லாத்தானே இருந்தார், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பகைவன் கண் உன் தண்ணீர்மேல் இருக்கிறது, மாதம் பிறந்ததும் இதை ஊற்று என்று தீர்க்கதரிசி சொன்னார். ஊற்றினேன். புள்ளி வந்தது என்று நீ சொன்னதும், பகைவன் வந்துவிட்டான் என்று இன்னொரு கேன் வாங்கி வந்தேன். பள்ளிக்கூடத்துக்காரி வந்ததும் அதற்கு மேலும் ஒன்று.

"புள்ளி கூடக் கூட நீங்க ஊத்தினீங்க. நீங்க ஊத்த ஊத்தப் புள்ளி கூடுச்சு" என்றாள் அரித்.

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் பழைய முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"சரி. ஊபோங்கை வீட்டுக்கு அனுப்பியாச்சு. அவன் பேரையே சொல்லிடு. உனக்கு வேலை நிக்கும், எனக்கு மானம் நிக்கும்."

"அவர் இல்லாத நாள்லதான் தண்ணி ரொம்ப மோசம்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

அரித் தட்டுகளைத் துணியால் மூடினாள். வேலை கையில் இருந்தது. மூடச் சொன்ன வாயை மூடினால் போதும். வாசலில் தொப்பியைக் கழற்றி வைத்தவனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனைக் காட்டிக்கொடுத்தது மேடம் இல்லை.

"அவரைச் சொன்னது என் தப்பு. அதே தப்பைத் தெரிஞ்சே ரெண்டாந்தடவை செய்யமாட்டேன். என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா அடுத்து வர்ற பொண்ணும் தட்டு வைப்பா, அதுலயும் இதுதான் முளைக்கும்."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "அதிகாரிங்ககிட்ட என்ன சொல்லுவ?"

"தொட்டியில அழுக்கு விழுந்துச்சு, காலி பண்ணிக் கழுவிட்டோம், வித்த சரக்கைத் திருப்பி எடுத்தோம்னு சொல்லுவேன். அது எந்த ஓடைன்னு அவங்களாக் கேட்டா, அதையும் சொல்லுவேன்."

"வித்ததைத் திருப்பி எடுக்கறதா! எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"இன்னொரு பிள்ளைக்கு வயித்தால போனா அதைவிட நஷ்டம்."

"அப்ப என் தண்ணிக்கு யாரு காவல்? பகைவன் சும்மா இருப்பானா?"

இதற்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் எதுவும் நடத்தவில்லை. அரித் வாசற்பக்கம் கையைக் காட்டினாள். "பகைவன் வந்தா வாசக் கதவு வழியாத்தானே வரணும் மேடம்? ஏணி ஏறியா வருவான்? வாசல்ல ஊத்துங்க. எத்தனை கேன் வேணும்னாலும்."

மேடம் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார், கிண்டலா, நிஜமா என்று. நிஜம்தான்.

"நீ எதிர்க் கம்பெனிக்காரன் ஆள் இல்லைன்னு நான் இன்னும் நம்பல, அரித்."

"நானும் உங்க தண்ணியை நம்பல மேடம். அதுக்குத்தானே சம்பளம் தர்றீங்க."

மேடம் எழுந்துபோய் மெஷினை நிறுத்தச் சொன்னார். பிறகு ஊபோங்குக்குப் போன் போட்டு, மன்னிப்பு என்ற சொல் எங்கும் வராமல், நாளைக்கு வேனை எடுக்க வா என்றார்.

மறுநாள் காலை தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் முற்றம் வழியாக வாய்க்காலுக்கு ஓடியது. பையில் அடுக்கும் பெண்கள் இருவர் பிளீச்சிங் பவுடர் கரைசலோடு தொட்டிக்குள் இறங்கினார்கள். மேடம் வாசற்கதவின் இரண்டு தூணுக்கும் கேனிலிருந்து தெளித்துக்கொண்டிருந்தார். அந்த ஈரத்தின் மேலேயே வேன் வெளியே போனது. ஊபோங் ஓட்ட, அரித் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நான்தான் மேடம்கிட்ட உங்க பேரை..."

"தெரியும்." ஊபோங் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "எனக்கு இடுப்பு வலி. இன்னைக்குப் பையெல்லாம் நீங்கதான் தூக்கணும்."

"தூக்கறேன்."

முதல் கடைக்காரி பைகளைக் கொடுக்க மறுத்து, அவற்றின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நல்ல சரக்கை எதுக்குத் திருப்பி எடுக்கறீங்க? நாளைக்கு விலை ஏத்தப் போறீங்க, அதானே?"

"இல்லக்கா, தண்ணி சரியில்ல."

"வித்த கம்பெனியே வந்து சரியில்லைன்னு சொல்லுமா? யாருகிட்டக் கதை விடறீங்க?"

ஊபோங் இறங்கி வந்து, ஒரு பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தான். "சரி, குடிங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்." அவள் பாக்கெட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். முக்காலியை விட்டு எழுந்தாள். அரித் பைகளைத் தூக்கி வேனில் போட்டாள்.

உச்சி வெயிலுக்குள் ஊர் ஓரத்து இதாம் சந்திப்பு வரைக்கும் போய்வந்தார்கள். கடைசியாகப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தேறிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் மட்டும் ஆஸ்பத்திரியில், அவனும் கஞ்சி குடித்துவிட்டானாம். பழைய பைகளைத் தலைமையாசிரியை தானே கொண்டுவந்து கொடுத்தார். தொட்டி சுத்தமானதும் புதிதாகத் தருகிறோம் என்றதற்கு, வேண்டாம், கொதிக்கவைத்துக் கொள்கிறோம் என்றார். அரித் வற்புறுத்தவில்லை. அதுவே நல்லது என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்குத் திரும்பி, வாய்க்கால் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஊபோங் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளேடால் கீறித் தண்ணீரைக் கொட்டினாள்.